அளக்காமல் உரத்தைக் குறைக்க முடியாது

சம்பா நடவு முடிந்து மேலுரம் இடும் நாட்களில், காவிரி டெல்டாவில் யூரியா தட்டுப்பாடு என்ற செய்தி ஏறக்குறைய ஆண்டுதோறும் வருகிறது. கூட்டுறவுச் சங்க வாசலில் வரிசை, தனியார் கடையில் கூடுதல் விலை, யூரியா வேண்டுமென்றால் வேறொரு பொருளையும் சேர்த்து வாங்கச் சொல்லும் கட்டாயம், ஆட்சியரிடம் மனு, எத்தனை டன் சரக்கு ரயிலில் வந்து இறங்கியது என்ற அரசின் அறிவிப்பு என்று அந்தச் செய்தி ஒரே தடத்தில் ஓடி முடிந்துவிடுகிறது. வரிசையில் நிற்கும் விவசாயியின் வயலுக்கு உண்மையில் எவ்வளவு உரம் தேவை என்ற கேள்வி மட்டும் எந்தத் தரப்பிலிருந்தும் எழுவதில்லை. அதே நாட்களில் கோவை வெள்ளலூரிலும் சென்னை கொடுங்கையூரிலும், பயிருக்குப் போயிருக்க வேண்டிய மக்கும் குப்பை மக்காத குப்பையோடு கலந்து குவிந்து கிடக்கிறது. ரசாயன உரத்தைக் குறைக்க வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம். எந்த வயலில் குறைப்பது, எவ்வளவு குறைப்பது, குறைத்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று கணக்குப் போட்டுப் பேசுபவர்கள் சிலரே. மண் பரிசோதனை ஒரு திட்டமாகவும் மக்கிய உரம் வேறொரு திட்டமாகவும் தனித்தனியே நடக்கும்வரை இந்தக் கணக்கு நேராகாது. இரண்டையும் ஒரே பரிந்துரையாக்கி விவசாயியின் கையில் கொடுத்தால், விளைச்சலை இழக்காமலே உரத்தைக் குறைக்க முடியும்.

ஓர் ஏக்கர் நெல் வயலை எடுத்துக்கொள்வோம். மண்ணைச் சோதிக்காத நிலையில் மத்திய, நீண்ட கால ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தரும் பொதுப் பரிந்துரை, ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150 கிலோ, மணிச்சத்து 50 கிலோ, சாம்பல்சத்து 50 கிலோ. ஏக்கருக்கு 60, 20, 20 கிலோ. மணிச்சத்தை டிஏபி வழியாகக் கொடுத்தால் 43 கிலோ டிஏபி வேண்டும். அதிலேயே 8 கிலோ தழைச்சத்தும் சேர்ந்து வந்துவிடும். மீதி 52 கிலோ தழைச்சத்துக்கு 113 கிலோ யூரியா, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டரை. இப்போது அந்த வயலின் மண்ணைச் சோதித்ததில் மணிச்சத்து 'அதிகம்' என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் பயிருக்குக் கிடைக்கும் நிலையில் இருந்தால் அது அதிகம் என்பது அளவுகோல். பல பத்தாண்டுகளாக டிஏபியை அடியுரமாக இட்டுவந்த நிலங்களில் இப்படி வருவதில் வியப்பில்லை. தழைச்சத்தைப்போல மணிச்சத்து காற்றில் கலந்தோ தண்ணீரோடு இறங்கியோ எளிதில் போய்விடுவதில்லை. பயிர் எடுத்தது போக மீந்தது மண்ணிலேயே பிடித்துக்கொண்டு, பருவத்துக்குப் பருவம் சேர்கிறது. அந்த வயலில் அந்தப் பருவத்துக்கு டிஏபியைப் பெருமளவு நிறுத்திவிடலாம். முழுவதும் நிறுத்தினால், 50 கிலோ மூட்டைக்கு 1,350 ரூபாய் என்ற விலையில், ஏக்கருக்கு 1,100 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். இந்த மிச்சம் வந்தது அரை கிலோ மண்ணைச் சோதித்ததால் மட்டுமே. பக்கத்து வயலில் மணிச்சத்து குறைவாக இருந்தால் அங்கே இதைச் செய்யக் கூடாது என்பதையும் அதே சோதனைதான் சொல்லும்.

அதே ஏக்கரில் நடவுக்கு முன் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது, 5 டன் தொழு உரமும் இடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டரை டன் பசுந்தழையில் 12 முதல் 15 கிலோ தழைச்சத்து இருக்கும். அதில் பாதிக்கு மேல் அந்தப் பயிருக்கே கிடைத்துவிடும். தொழு உரத்தில் 0.5 சதவீதம் என்ற கணக்கில் 25 கிலோ இருந்தாலும், முதல் பருவத்தில் பயிருக்கு எட்டுவது ஏறக்குறைய கால்வாசிதான். இரண்டையும் கூட்டினால் 14 கிலோ வரும். யூரியாவாக மாற்றினால் 30 கிலோ. ஆனால், டிஏபியை நிறுத்தியதால் அதனோடு வந்துகொண்டிருந்த 8 கிலோ தழைச்சத்தும் நின்றுபோகிறது. அதை ஈடுகட்டிய பிறகு யூரியா 113 கிலோவிலிருந்து 100 கிலோவுக்குத்தான் இறங்கும். இயற்கை வேளாண்மைப் பிரசுரங்கள் இந்த இடத்தில் பெரிய எண்களைச் சொல்லும். நான் சிறிய எண்ணையே சொல்கிறேன். விவசாயி தன் வயலில் காணப்போவது அதைத்தான். 30 கிலோ யூரியாவின் விலை 180 ரூபாய்கூட இல்லை. அதை மிச்சப்படுத்த 5 டன் எருவை விலைக்கு வாங்கி, டிராக்டரில் ஏற்றி, வயலில் கொட்டி, ஆள் வைத்துப் பரப்ப யார் முன்வருவார்கள்? எரு இடாத விவசாயியை அறியாமைக்காகக் குறை சொல்கிறவர்கள் இந்த விலையைப் பார்ப்பதில்லை. அவருடைய கணக்கு சரியானது. அவர் முன் வைக்கப்பட்டிருக்கும் விலைதான் தவறானது.

45 கிலோ யூரியா மூட்டை விவசாயிக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. உலகச் சந்தையில் விலை ஏறிய 2022-இல் அந்த ஒரு மூட்டைக்கு மத்திய அரசு ஏற்றுக்கொண்ட மானியம் 2,000 ரூபாயைத் தாண்டியது. அந்த நிதியாண்டில் உர மானியம் மொத்தமாகச் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். 2010-இல் சத்து அடிப்படையிலான மானியம் கொண்டுவரப்பட்டபோது மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்கள் அதற்குள் வந்தன; யூரியா மட்டும் வெளியே விடப்பட்டு, அதன் விலை அரசின் பிடியிலேயே நின்றது. விளைவு எல்லோருக்கும் தெரியும்: பொட்டாஷ் விலை ஏறியது, அதை வாங்குவது குறைந்தது, மலிவாகக் கிடைத்த யூரியா கூடியது. தழைச்சத்து மிஞ்சிய நெல் கரும்பச்சையாகச் செழித்து நிற்கும். கண்ணுக்கு அது நல்ல பயிர். புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் அதையே தேடி வரும், கதிர் முற்றும் நேரத்தில் மழை பிடித்தால் சாய்ந்துவிடும். தண்ணீர் கட்டிய வயலில் இடும் தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பாதிக்கும் குறைவு. மீதி அமோனியாவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் காற்றில் கலக்கிறது, நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் இறங்குகிறது. மக்கள் வரிப்பணம் கொடுத்து வாங்கிய சரக்கில் பாதிக்கு மேல் பயிரைச் சேராமலே போகிறது.

தழைச்சத்தை மட்டும் வைத்து எருவை எடைபோட்டால் அது யூரியாவிடம் தோற்கத்தான் செய்யும். எருவின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. மேலே சொன்ன 5 டன் தொழு உரத்தில் 25 கிலோவை ஒட்டிச் சாம்பல்சத்து இருக்கிறது. பெரும்பகுதி அந்தப் பருவத்திலேயே பயிருக்குக் கிடைக்கக்கூடியது. ஏக்கருக்குத் தேவையான 20 கிலோவை அது ஏறக்குறைய நிறைவு செய்துவிடும். நாம் பயன்படுத்தும் பொட்டாஷ் கிட்டத்தட்ட முழுவதும் கப்பலில் வருவது. யூரியாவைவிடப் பல மடங்கு விலை கொண்டது. நெல் எடுத்துக்கொள்ளும் சாம்பல்சத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் தங்குகிறது. அறுவடை இயந்திரத்துக்குப் பின்னாலேயே கட்டு கட்டும் இயந்திரமும் வயலில் இறங்கி, வைக்கோல் முழுவதும் லாரியேறும் இந்தக் காலத்தில், அந்தச் சத்தைத் திருப்பிக் கொண்டுவர எருவைவிட மலிவான வழி இல்லை. அடுத்தது கரிமச்சத்து. தமிழ்நாட்டு மண்ணில் 1971-இல் 1.20 சதவீதமாக இருந்த கரிமச்சத்து 2002-இல் 0.68 சதவீதமாக இறங்கிவிட்டது என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. கரிமம் குறைந்த மண் தண்ணீரையும் பிடித்து வைக்காது, போட்ட உரத்தையும் பிடித்து வைக்காது. அதனால் அதே விளைச்சலுக்கு ஆண்டுக்கு ஆண்டு கூடுதலாக உரம் கேட்கும். கோவையில் 1909-இல் தொடங்கப்பட்ட நிரந்தர உரப் பரிசோதனை வயல் இந்த நாட்டின் மிகப் பழைய வேளாண் ஆய்வுகளில் ஒன்று. அதே வளாகத்தில் 1972 முதல் கேழ்வரகும் மக்காச்சோளமுமாக நடந்துவரும் நீண்ட கால ஆய்வில், தழைச்சத்தை மட்டும் பெற்ற பாத்திகள் நலிந்தன; முழு உர அளவோடு ஹெக்டேருக்கு 10 டன் தொழு உரமும் பெற்ற பாத்திகள் விளைச்சலிலும் கரிமச்சத்திலும் முன்னால் நின்றன. உரமா எருவா என்று மேடையில் நடக்கும் சண்டைக்கு வயல் எப்போதோ விடை சொல்லிவிட்டது. பசுமைப் புரட்சியை முன்நின்று நடத்திய எம்.எஸ். சுவாமிநாதனே, மண்ணின் வளத்தையும் கட்டமைப்பையும் பேணாத தீவிர சாகுபடி நிலத்தைப் பாலையாக்கிவிடும் என்று 1968-இல் எச்சரித்திருக்கிறார்.

மண்ணைச் சோதித்து உரப் பரிந்துரை தரும் மத்திய அரசின் மண்வள அட்டைதான் 2015-லிருந்தே இருக்கிறதே, அதனால் என்ன மாறிவிட்டது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அட்டையின் அறிவுரைப்படி உரமிட்டவர்களிடம் ரசாயன உரம் 8 முதல் 10 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 முதல் 6 சதவீதம் கூடியது என்று தேசிய உற்பத்தித் திறன் மன்றம் 2017-இல் மதிப்பிட்டது. பலன் இருக்கிறது, ஆனால் சிறியது. அதற்குக் காரணம் சோதனை அறிவியல் அல்ல, அதை நடத்திய விதம். பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று எடுத்து, அந்தப் பரப்பில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே முடிவை அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது அடுத்தவர் மண்ணின் முடிவு. மாதிரி எடுப்பதும் கவனம் கேட்கும் வேலை. வரப்போரம், மரத்தடி, எருக் குவித்த இடம், வாய்க்கால் ஓரம் எல்லாவற்றையும் விலக்கி, வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் 10 முதல் 15 இடங்களில் மேல்மண்ணைச் செதுக்கிவிட்டு, மண்வெட்டியால் அரை அடி ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி வெட்டி, குழியின் சரிவிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளை ஒதுக்கி, கடைசியில் அரை கிலோவை நிழலில் உலர்த்திக் கொடுக்க வேண்டும். இலக்கு எண்ணிக்கையை எட்டுவதற்காக வரப்பில் நின்று இரண்டு பிடி மண்ணை அள்ளிப் போட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் பொய்யைத்தான் அச்சிடும்.

சோதனையின் எல்லையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம், கார அமில நிலை, உப்பின் அளவு ஆகியவற்றை ஆய்வகம் நம்பகமாகக் காட்டும். தழைச்சத்து விஷயத்தில் அது அவ்வளவு கூர்மையானதல்ல. நம் வயல்களில் பெரும்பாலானவை எப்போது சோதித்தாலும் 'குறைவு' என்றே வரும். யூரியாவைக் குறைக்க இலை வண்ண அட்டைதான் கைகொடுக்கும். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை வயலில் 10 குத்துகளைத் தேர்ந்து, முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையின் பச்சைப் பட்டைகளோடு ஒப்பிட வேண்டும். வெயில் நேரே விழாதபடி உடம்பின் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழே நிறம் வெளிறினால் மட்டுமே யூரியா போடலாம். தக்கைப்பூண்டும் எருவும் உள்ளே எவ்வளவு தழைச்சத்தை விடுவிக்கின்றன என்பதை எந்த அட்டவணையையும்விட அந்த இலை நன்றாகச் சொல்லும். மிகச் சில ரூபாய் செலவில் அச்சிடக்கூடிய இந்தப் பிளாஸ்டிக் அட்டை ஒவ்வொரு நெல் விவசாயியின் வீட்டிலும் ஏன் இல்லை என்பது வேளாண் துறையைக் கேட்க வேண்டிய கேள்வி.

உரத்தைக் குறைப்பது என்றதும் இலங்கையைக் காட்டிப் பயப்படுகிறவர்கள் உண்டு. 2021-இல் அந்நாட்டு அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தது. அரிசியில் ஏறக்குறைய தன்னிறைவு பெற்றிருந்த நாடு அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது, தேயிலை விளைச்சல் விழுந்தது, நவம்பருக்குள் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. சீனாவிலிருந்து கப்பலில் வந்த கரிம உரத்தில் தீங்கான பாக்டீரியா இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிய பிறகும், அதற்காக 67 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள தமிழ் விவசாயிகள் உள்பட அத்தீவின் எளிய உழவர்கள் அந்த முடிவுக்குக் கொடுத்த விலை பெரிது. அந்தத் துயரத்திலிருந்து எடுக்க வேண்டிய பாடத்தைப் பலர் தலைகீழாக எடுக்கிறார்கள். அங்கே மண் சோதிக்கப்படவில்லை. எந்த நிலத்தில் எது மீந்திருக்கிறது என்று பார்க்கப்படவில்லை. மாற்று உரம் கையில் இருக்கிறதா என்று எண்ணப்படவில்லை. ஒரு மூட்டை யூரியாவின் சத்துக்கு எத்தனை டன் எரு வேண்டும் என்ற எளிய பெருக்கல் கணக்கு அந்தத் தடையை முதல் நாளே நிறுத்தியிருக்கும். அளக்காமல் கொட்டுவதும் அளக்காமல் நிறுத்துவதும் ஒரே தவறுதான்.

அந்தப் பெருக்கலை நமக்கும் போட்டுப் பார்ப்போம். சென்னையில் நாள்தோறும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. அதில் பாதி மக்கும் குப்பை, அது மக்கினால் ஐந்தில் ஒரு பங்கு உரமாகும் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 500 டன், ஆண்டுக்கு 1.8 லட்சம் டன். ஏக்கருக்கு 2 டன் வீதம் இட்டால் 90,000 ஏக்கருக்கு வரும். தமிழ்நாட்டின் நெல் சாகுபடி எல்லாப் பருவங்களும் சேர்ந்து சுமார் 50 லட்சம் ஏக்கர். நகரக் குப்பை தமிழ்நாட்டின் வயல்களை முழுக்கக் காப்பாற்றிவிடும் என்று சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். ஆனால் 90,000 ஏக்கர் அற்பமானதல்ல. அதோடு நாமக்கல்லின் கோழி எரு இருக்கிறது. தொழு உரத்தைவிடப் பல மடங்கு தழைச்சத்தும் மணிச்சத்தும் கொண்டது அது. சர்க்கரை ஆலைகளின் ஆலைக்கழிவு, பொள்ளாச்சிப் பகுதியில் மலைபோல் சேரும் தென்னை நார்க்கழிவு, காய்கறிச் சந்தைகளின் கழிவு எல்லாம் ஒவ்வொரு வட்டாரத்திலும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவை. எருவை நூறு கிலோமீட்டர் ஏற்றிச் சென்றால் கட்டுப்படியாகாது என்பதால், அந்தந்த ஊர்க் கழிவு அந்தந்த ஊரைச் சுற்றிய வயல்களுக்குப் போவதே நடைமுறைக்கு ஒத்த வழி. சிறு நகரங்களில் மக்கும் குப்பையை உரமாக்கும் நுண்ணுர மையங்கள் இதற்குப் பொருத்தமானவை. அங்கே மக்கிக் கிடக்கும் உரத்தை எந்தக் கிராமத்துக்கு எப்போது அனுப்புவது என்று திட்டமிடும் பொறுப்பு நகராட்சிக்கும் இல்லை, வேளாண் துறைக்கும் இல்லை என்பதுதான் சிக்கல்.

எல்லா எதிர்ப்புகளிலும் வலுவானது, குப்பை உரம் வயலைக் கெடுக்கும் என்பது. கண்ணாடித் துண்டும் பால் கவர் கிழிசலும் கலந்த உரத்தை ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்க மாட்டார். நாற்று நடுகிற பெண்களின் காலைக் கிழிக்கும் சரக்கு அது. பழைய குப்பை மேடுகளைச் சலித்து எடுக்கும் மண்ணை உரம் என்ற பெயரில் உணவுப் பயிருக்குத் தள்ளிவிடும் யோசனையை நான் முழுமையாக எதிர்க்கிறேன். பேட்டரியும் டியூப்லைட்டும் சாயமும் பல ஆண்டுகள் ஊறிய மண் அது. உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கம்போஸ்டுக்கு வரம்புகள் வைத்திருக்கிறது: கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம் என்ற அளவுகளைத் தாண்டக் கூடாது. மண்ணைச் சோதிக்கும் ஆய்வகம் எருவையும் சோதித்து, தொகுதிவாரியாகச் சான்று கொடுக்கட்டும். ஆனால் ஆய்வகத்துக்கு முன்னால் இந்தச் சிக்கல் தீர வேண்டிய இடம் நகரத்து அடுப்படிதான். வெண்டைக்காய்க் காம்பையும் வாழைப்பழத் தோலையும் தனி வாளியில் போட மறுக்கும் குடும்பம், தூய்மைப் பணியாளரின் கையையும் ஒரு விவசாயியின் வயலையும் ஒருசேரக் கெடுக்கிறது. விவசாயி ரசாயனத்தைக் குறைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நகரவாசி, தன் பங்கைச் செய்துவிட்டு எதிர்பார்க்கட்டும்.

எருவின் பலன் இரண்டு மூன்று ஆண்டுகளில் சிறிது சிறிதாக வருவது. டெல்டாவில் கோயில் நிலத்தையும் தனியார் நிலத்தையும் குத்தகைக்குச் செய்பவர், அடுத்த ஆண்டு நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாமல் அதில் பணம் போட மாட்டார். ஆகவே எருவுக்கான செலவில் ஒரு பகுதியைப் பொதுப்பணம் ஏற்பதே முறை. யூரியாவுக்கு ஏற்கிற பணம் இதற்கும் உண்டு. மத்திய அரசின் பிஎம்-பிரணாம் திட்டம், முந்தைய மூன்று ஆண்டு சராசரியைவிட உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலத்துக்கு, மிச்சமாகும் மானியத்தில் பாதியைத் திருப்பித் தருவதாகச் சொல்கிறது. அந்தப் பணத்தைக் கட்டடங்களில் முடக்காமல், நுண்ணுர மையத்திலிருந்து வயல்வரை ஆகும் வண்டிக் கூலிக்குத் தமிழ்நாடு ஒதுக்கினால், விவசாயியின் கணக்கு அன்றே மாறும். 206 கோடி ரூபாயில் 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் 2 லட்சம் ஏக்கருக்குப் பசுந்தாள் உர விதை வழங்கும் ஏற்பாடு இருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் தக்கைப்பூண்டு விதை பெறும் விவசாயிக்கு, உங்கள் மண்ணின் முடிவு இது, இதை மடக்கி உழுதபின் யூரியாவில் இவ்வளவு கழித்துக்கொள்ளுங்கள், இந்தப் பருவம் டிஏபி வேண்டாம் என்ற ஒற்றைச் சீட்டும் சேர்ந்து போக வேண்டும். இப்போது ஆதார் எண்ணைப் பதிந்து கைக்கருவி வழியாகத்தான் உரம் விற்கப்படுகிறது. புல எண்ணுக்குரிய மண் முடிவை அந்தக் கருவியோடு இணைத்து, ரசீதிலேயே பரிந்துரையை அச்சிட்டுக் கொடுக்கலாம். மறுக்கவோ வெட்டவோ அல்ல, தெரிந்து வாங்கட்டும் என்பதற்காக. காலமும் முக்கியம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால், குறுவைக்கான மண் மாதிரி கோடை உழவுக்கு முன்பே, சித்திரைக்குள் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். சம்பா வயலுக்கான தக்கைப்பூண்டு விதை ஆடி பிறப்பதற்குள் சங்கத்துக்கு வந்திருக்க வேண்டும். நடவு முடிந்த பிறகு வந்து சேரும் அட்டையும் விதையும் அந்தப் பருவத்துக்குப் பயன்படாது.